குட்டையான சைக்கிளும் நெட்டையான நானும்



சென்ற ஆடி மாதத்திலிருந்து தெருவில் என்னைக் காண்பவர்கள் ஒரு கணம் நின்று பார்த்துவிட்டுத்தான் போகிறார்கள். தொப்பியும் ஜிப்பாவுமாக நாற்பத்தெட்டு வயது மனிதர் ஒருவர், ஆட்டுக்கிடாவின் கொம்பைப் போல் முன்னே சென்று கீழே வளைந்த ரேஸ் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு சைக்கிளில் போனால் பார்க்கத்தானே செய்வார்கள்! "ஹஜ்ரத் பந்தயத்துக்குப் புறப்பட்டுவிட்டார்கள்" என்று என் மாணவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதும் என் காதில் விழாமலில்லை. அவர்களுக்கும், கேட்கத் தயங்கும் மற்றவர்களுக்கும் சேர்த்து இம்மாதம் விளக்கம் சொல்லிவிடுகிறேன்.

அந்தச் சைக்கிள் என் மூத்த மகனுடையது. அவன் பன்னிரண்டாம் வகுப்பில் படித்தபோது வாங்கியது. வேலைக்காகத் துபாய் புறப்பட்ட அன்று, சாவியை என் கையில் தந்து, "வாப்பா, சும்மா நிற்க விட்டுவிடாதீர்கள், துருப்பிடித்துவிடும்" என்று சொல்லிவிட்டுப் போனான். நல்ல இரும்புக் குழாய்களால் ஆன உறுதியான வண்டி. ஆனால் அவன் தன் தாயைப் போல் நடுத்தர உயரம். நானோ ஆறடிக்கு ஓரங்குலம் குறைவு. என் பழைய வண்டி ஓய்ந்துபோன பிறகு இதில் ஏறி அமர்ந்தால், திருப்பங்களில் முழங்கால் ஹேண்டிலில் இடித்தது. கைகள் வயிற்றுக்கு அருகில் மடங்கிக் கிடந்தன. உடலின் பாரம் முழுவதும் சீட்டின் மேலேயே விழுந்ததால், மதரஸா போய்ச் சேரும்போது இடுப்பு என்னுடையதாக இராது. "விற்றுவிட்டு உங்களுக்கு ஏற்றாற்போல் ஒன்று வாங்கிக்கொள்ளுங்களேன்" என்றாள் என் மனைவி. சொன்ன கையோடு துணியை எடுத்துக்கொண்டு அந்தச் சைக்கிளைத் துடைக்கப் போய்விட்டாள். விற்பதில்லை என்று அப்போதே முடிவாகிவிட்டது.

ஒரு சைக்கிள் நமக்குப் பொருந்துகிறதா என்பதைப் பெரும்பாலோர் உயரத்தை வைத்தே பார்க்கிறார்கள். உயரக் குறையைச் சீட்டை ஏற்றிச் சரிசெய்துகொள்ளலாம். பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் மடங்காமல் நீண்டு நிற்க வேண்டும். அதுதான் பழைய கணக்கு. சரிசெய்யக் கடினமானது நீளக் குறைதான். சீட்டுக்கும் கைக்கும் இடையே எவ்வளவு தூரம் என்பதே முதுகு, தோள், மணிக்கட்டு மூன்றின் நலத்தையும் தீர்மானிக்கிறது. இதற்கும் ஒரு பழைய கணக்கு உண்டு. முழங்கையைச் சீட்டின் முனையில் வைத்துக் கையை முன்னே நீட்டினால், நடுவிரல் நுனி ஹேண்டிலின் குறுக்குக் கம்பியைத் தொட வேண்டும். அதாவது, ஒரு முழம்! நம் முன்னோர் பூ அளந்த அதே அளவு. துல்லியமான விதியல்ல, தொடங்குவதற்கு ஓர் அடையாளம், அவ்வளவே.

அளந்து பார்த்தேன். என் முழம் 49 சென்டிமீட்டர். சீட்டை எனக்கு ஏற்ற உயரத்தில் வைத்தபின், அதன் முனையிலிருந்து ஹேண்டில் தண்டு வரை 43. பழைய ஹேண்டிலோ அங்கிருந்து 15 சென்டிமீட்டர் பின்னோக்கி வளைந்து வந்தது. ஆக, என் கைகளுக்குக் கிடைத்தது வெறும் 28. ஒரு சாணுக்குச் சற்றே அதிகம். முழங்கால் இடிக்காமல் என்ன செய்யும்? ரேஸ் ஹேண்டில் இதற்கு நேர்மாறானது. அது தண்டிலிருந்து பின்னே வராமல், எட்டு முதல் பத்து சென்டிமீட்டர் வரை முன்னே போய், பிறகு கீழே வளைகிறது. முன்னோக்கி 6 சென்டிமீட்டர் நீண்ட தண்டு ஒன்றை வைத்தால் குறுக்குக் கம்பி சரியாக 49-ல் வந்து நின்றது. அதன் முன் பகுதியைப் பிடித்தால் இன்னும் நீளம். வண்டியின் ஃப்ரேமைத் தொடாமலேயே அது வளர்ந்துவிட்டது.

இங்கே ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லியாக வேண்டும். இந்த மாற்றம் ஆளுக்குக் குட்டையான வண்டிக்கு மட்டுமே பொருந்தும். மலைச்சாலைக்கென வரும் நேர் ஹேண்டில் வண்டிகளின் ஃப்ரேம் பெரும்பாலும் முன்பே நீளமாக இருக்கும். அதில் ரேஸ் ஹேண்டிலை மாட்டினால் கை எட்டாமல் கழுத்து வலிதான் மிஞ்சும். அழகுக்காக மாற்ற நினைக்கும் இளைஞர்கள் முதலில் முழத்தைப் போட்டுப் பார்க்கட்டும்.

கம்பி பிரேக் கொண்ட பழைய பெரிய சைக்கிள் வைத்திருப்பவர்களும் ஆசைப்பட வேண்டாம். அதில் பிரேக் கம்பிகள் ஹேண்டிலோடு இணைந்தவை. கட்டைகள் ரிம்மின் உட்புறத்தை மேல்நோக்கி இழுத்துப் பிடிப்பவை. ஹேண்டிலை எடுத்தால் பிரேக் போகும். வயர் பிரேக் வைக்கலாமென்றால் அந்த ரிம்மின் பக்கவாட்டில் கட்டை பிடிக்கத் தட்டையான பரப்பு இல்லை. கடைசியில் சக்கரத்தையும் மாற்ற வேண்டி வரும்.

நல்லவேளையாக மகனுடைய வண்டியில் வயர் பிரேக், அதுவும் மேலிருந்து இரு பக்கமும் கவ்வும் வகை. ரேஸ் ஹேண்டிலுக்குரிய பிரேக் பிடி அதற்கு ஒத்துப்போகும். ஷிமானோ நிறுவனம் 1996-ல் கொண்டுவந்த, நீண்ட கரங்களை உடைய 'வி' பிரேக்காக இருந்திருந்தால் ஒத்துப்போகாது. அதற்கு வயரை அதிகமாக இழுக்கும் பிடி தேவை; ரேஸ் பிடி இழுப்பதோ குறைவு. கட்டை ரிம்மை அழுத்துவதற்குள் பிடி ஹேண்டிலைத் தொட்டுவிடும். பழைய பிடியையே மாட்டலாமா என்றால் அதுவும் ஏறாது. சாதாரண ஹேண்டில் குழாயின் பருமன் 22.2 மில்லிமீட்டர், ரேஸ் ஹேண்டிலில் 23.8. வயரின் தலைகூட வேறு: ஒன்று சிறு உருளை, மற்றது பேரிக்காய் வடிவம்.

இந்த மில்லிமீட்டர்களைச் சிறிதென்று எண்ணி நான் பட்ட பாட்டைக் கேளுங்கள். ஹேண்டில் பழைய இரும்புக் கடையில் கிடைத்தது. தண்டை ஒரு கடையில் வாங்கினேன். இரண்டையும் பொருத்தியபோது சற்றே ஆடியது. கடைக்காரர் எண்ணெய் டின்னிலிருந்து ஒரு தகட்டை வெட்டி இடையில் செருகி, போல்ட்டை முறுக்கி, "இனி யானை ஏறினாலும் அசையாது" என்றார். யானை ஏறவில்லை, நான்தான் ஏறினேன். மூன்றாம் நாள், வாய்க்கால் பாலத்தின் இறக்கத்தில் ஓர் ஆடு குறுக்கே வந்தது. பிரேக்கை அழுத்தினேன். உடலின் பாரம் முழுவதும் கைகளுக்கு வர, ஹேண்டில் அப்படியே கீழ்நோக்கிச் சுழன்றுவிட்டது. வேலிக்காத்தான் புதர் என்னைத் தாங்கிக்கொண்டது. ஆட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்கு முழங்கையில் சிராய்ப்பும் ஜிப்பாவில் கிழிசலும். ஒரு லாரி எதிரே வந்திருந்தால் என்ற எண்ணம் அன்றிரவு என்னைத் தூங்கவிடவில்லை.

மறுநாள் லேத் பட்டறையில் வெர்னியர் வைத்து அளந்தோம். ஹேண்டிலின் நடுப்பகுதி 25.4 மில்லிமீட்டர், தண்டின் பிடிவளையம் 26. இடைவெளி 0.6 மில்லிமீட்டர்தான்! இந்தக் குழப்பம் நம் ஊரில் பிறந்ததன்று. இத்தாலியர் 26 என்றும், மற்றவர்கள் 25.4 என்றும் செய்து வந்தார்கள்; இன்றைய புதிய வண்டிகளில் 31.8. தண்டு இறங்கும் குழாயிலும் பழைய பிரெஞ்சு வண்டிகளுக்கு 22, பிறவற்றுக்கு 22.2. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் சைக்கிள் பழுதுபார்ப்பவராக இருந்து 2008-ல் மறைந்த ஷெல்டன் பிரவுன் என்பவர், இத்தகைய அளவுகளையெல்லாம் பொறுமையாகத் தொகுத்து அட்டவணையாக்கி வைத்தார். ஒரு கைத்தொழிலாளி செய்த கல்விப் பணி என்றே அதைச் சொல்வேன்.

சரியான வளையமுள்ள தண்டு வாங்கி மாட்டிய பிறகு ஹேண்டில் இம்மியும் அசையவில்லை. தண்டைக் கழற்றும்போது மேல் போல்ட்டைச் சில சுற்று தளர்த்தி, அதன் தலையில் மரச்சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினால் உள்ளே இறுகியிருக்கும் ஆப்பு விடுபடும். உயர்த்தும்போது, தண்டின்மேல் பொறித்துள்ள எல்லைக்கோடு வெளியே தெரியக் கூடாது. தெரிந்தால் தண்டு ஒடியவோ, உள்ளிருக்கும் குழாய் வெடிக்கவோ இடமுண்டு. என் வயதுக்கு ஹேண்டில் சீட்டின் உயரத்திலேயே இருப்பது நலம் என்று வைத்துக்கொண்டேன். துணி நாடாவைக் கீழ் முனையிலிருந்து மேல்நோக்கிச் சுற்ற வேண்டும். மாற்றிச் சுற்றினால் கை உரசி உரசி ஓரம் பிரிந்துவிடும். குழாயின் வாயில் அடைப்பு வைக்க மறக்கவே கூடாது. விழும்போது திறந்த குழாய் கத்தியாகிவிடும்.

எங்கள் கடையநல்லூர்ப் பக்கத்தில் ஆடி மாதமென்றால் செங்கோட்டைக் கணவாய் வழியே மேல்காற்று சீறிக்கொண்டு வரும். மேற்கு நோக்கி எட்டுக் கிலோமீட்டர் மிதிக்கும் எனக்குத்தான் அதன் அருமை தெரியும். நிமிர்ந்து அமர்ந்தால் நெஞ்சே பாய்மரமாகிவிடும். இப்போது அந்த நேரத்தில் மட்டும் கீழ் வளைவைப் பிடித்துக் குனிந்துகொள்கிறேன். மற்ற வேளைகளில் பிரேக் பிடிகளின் மேலேயோ, குறுக்குக் கம்பியிலோ கை இருக்கும். ஒரே இடத்தில் ஊன்றினால் உள்ளங்கை மரத்துப்போகும். இடம் மாற்றிக்கொள்ள வழியிருப்பதுதான் இந்த ஹேண்டிலின் பெரிய வசதி. முதல் இரண்டு வாரம் கழுத்து வலித்தது உண்மை. அகலமான பழைய சீட்டு, குனிந்த உடலுக்குத் தொடையில் உரசியதால் அதையும் ஒடுக்கமானதாக மாற்றினேன். முழங்கால் இடிப்பதில்லை. இடுப்பு வீடு வரை என்னோடு வருகிறது. ஜிப்பாவின் முன்பகுதிதான் தொங்கித் தொல்லை தருகிறது. அதை இடுப்பில் செருகிக்கொள்ளப் பழகிவிட்டேன்.

பழைய ஹேண்டிலையும் அதன் பிரேக் பிடிகளையும் எண்ணெய் தடவி, காகிதத்தில் சுற்றிப் பரண்மேல் வைத்திருக்கிறேன். அடுத்த ஆண்டு விடுமுறையில் மகன் வரும்போது மாட்டிக் கொடுக்க ஒரு மணி நேரம் போதும். கைபேசியில் படம் அனுப்பியதற்கு, "அப்படியே இருக்கட்டும் வாப்பா, நான் உம்மாவின் பின்னால் ஸ்கூட்டரில் போய்க்கொள்கிறேன்" என்று பதில் வந்திருக்கிறது.