இயர்பட்ஸ் சார்ஜ் ஏறலையா? புதுசு ஆர்டர் போடறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க

எஸ்ஐபி, டேர்ம் இன்சூரன்ஸ் பேசுற இடத்துல இயர்பட்ஸுக்கு என்ன வேலைன்னு நீங்க கேட்கலாம். மாசம் பதினெட்டாயிரம், இருபதாயிரம் சம்பளம் வாங்குறவருக்குப் பணம் ஒழுகுற ஓட்டை பெரும்பாலும் இந்த ஆயிரம், ரெண்டாயிரம் ரூபாய் சாமான்லதான் இருக்கு. வாங்கி ஒரு வருஷம் தாண்டியிருக்கும். ஒரு நாள் கேஸ்ல வச்சா லைட் எரியாது. அன்னைக்கு ராத்திரியே ஃபோன்ல புது ஆர்டர் போயிடும்.

என் கருத்து இதுதான். சார்ஜ் ஏறாத பட்ஸ் எல்லாம் செத்துப்போன பட்ஸ் இல்ல. அழுக்கு, கேபிள், சூடு, இந்த மூணுல ஒண்ணா இருக்க நிறைய வாய்ப்பு இருக்கு. அதைச் சரிபார்க்க அரை மணி நேரம், பத்து ரூபாய் பஞ்சு போதும். உண்மையிலேயே செத்திருந்தாலும் இஎம்ஐ போட்டுப் புதுசு வாங்காதீங்க. அந்தக் கணக்கைக் கீழே போட்டுக் காட்டறேன்.

முதல்ல அழுக்கு. கவரைப்பேட்டையில இருந்து கும்மிடிப்பூண்டி சிப்காட் வரைக்கும் வேலைக்குப் போறவங்க இதைக் கொஞ்சம் கவனமா படிங்க. பட்ஸை கேஸுக்குள்ள வச்சதும் 'டக்'னு ஒட்டிக்குதுல்ல, அது காந்தம். பட்ஸ்லயும் காந்தம், கேஸ் மூடியிலயும் காந்தம். நம்ம ஏரியாவுல ரோலிங் மில்லும் ஃபவுண்டரியும் மெஷின் ஷாப்பும் நிறைய. யூனிஃபார்ம் பாக்கெட்லயே இரும்புத் தூள் இருக்கும். கேஸை அதே பாக்கெட்ல போட்டா, காந்தம் அந்தத் தூளை ஒவ்வொண்ணா இழுத்து வச்சுக்கும். கேஸுக்குள்ள தங்க நிறத்துல குட்டிக் குட்டியா பின் இருக்கும் பாருங்க, பட்ஸுக்குக் கரண்ட் போறது அது வழியாத்தான். தூள் அதைச் சுத்தி உட்கார்ந்துட்டா பட்ஸ் சரியாத் தொடாது. அங்கே கண்ணுக்குத் தெரியாத அளவு இடைவெளி இருந்தாலே சார்ஜ் ஏறாது.

இதை ஊதி எடுக்க முடியாது, காந்தம் விடாது. செல்லோடேப்பை ஒட்டுற பக்கம் வெளியே வர்ற மாதிரி சுருட்டி, பின் மேல மெதுவா ஒத்தி ஒத்தி எடுங்க. நாலஞ்சு தடவை பண்ணினா டேப் கறுப்பாகும். அதுக்கப்புறம் காது குடையிற பஞ்சுக் குச்சியில ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் ரெண்டு சொட்டு தொட்டு, கேஸ்ல இருக்கிற பின்னையும் பட்ஸ்ல இருக்கிற உலோகப் புள்ளியையும் துடைங்க. சர்வீஸ் கடைகள்ல இது இருக்கும், கேட்டுப் பாருங்க. பத்து நிமிஷம் காய விட்டு அப்புறம் சார்ஜ் போடுங்க. தின்னர் வேண்டாம், பிளாஸ்டிக் இளகிடும். கை கழுவுற சானிடைசர் ஜெல் வேண்டாம், பிசுபிசுப்பு தங்கும். ஊக்கு, உப்புத் தாள் ரெண்டும் கிட்டவே வரக்கூடாது. பின்னுக்குள்ள ஸ்பிரிங் இருக்கு, ஊக்கால குத்தினா வளைஞ்சிடும். மேல் பூச்சைத் தேய்ச்சு எடுத்துட்டா அடுத்த மாசமே துரு.

இன்னொண்ணு வேர்வை. ஷிஃப்ட் முடிஞ்சு லோக்கல் டிரெயின்ல நெருக்கியடிச்சு வந்து, காதுல இருந்து எடுத்து ஈரத்தோட கேஸ்ல போட்டு மூடினா, உப்புத் தண்ணியும் கரண்ட்டும் சேர்ந்து பின்னை அரிக்கும். பச்சையா ஒரு படலம் தெரிஞ்சா அதுதான். பெட்டியில 'ஐபிஎக்ஸ்4'னு போட்டிருக்கேன்னு கேட்கலாம். தெறிக்கிற தண்ணி, வேர்வைக்குத் தாங்கும்னு அர்த்தம். பல மாடல்ல அது பட்ஸுக்கு மட்டும்தான், கேஸுக்குக் கிடையாது. சட்டையில ஒரு தடவை துடைச்சிட்டு உள்ளே வைக்கிற பழக்கம் வந்தா போதும்.

அடுத்தது கேபிள். இது தெரியாம நல்ல கேஸைக் குப்பையில போடறவங்க இருக்காங்க. ஃபோனோட வந்த ஃபாஸ்ட் சார்ஜர்ல ரெண்டு முனையும் டைப்-சி கேபிள் போட்டிருப்பீங்க. அந்த மாதிரி சார்ஜர், எதிர்ல இருக்கிற சாமான் 'நான் சார்ஜ் கேட்கிறேன்'னு அடையாளம் காட்டினாத்தான் கரண்ட் விடும். அந்த அடையாளத்தைக் காட்டறது கேஸ் சர்க்யூட்ல இருக்கிற ரெண்டு சின்ன ரெசிஸ்டர். விலை குறைஞ்ச சில மாடல்ல காசு மிச்சம் பிடிக்க அதைப் போடறதே இல்ல. அப்ப சி-டு-சி கேபிள்ல ஒரு சொட்டு கரண்ட் கூட வராது. பழைய ஃபோன் சார்ஜர், அதாவது ஒரு முனை அகலமான யூஎஸ்பி, மறுமுனை டைப்-சி, அந்தக் கேபிளை மாட்டிப் பாருங்க. லைட் எரிஞ்சா உங்க கேஸ் நல்லாத்தான் இருக்கு. வாங்கின ரெண்டாம் நாளே 'டிஃபெக்ட்'னு ரிட்டர்ன் போடறதுக்கு முன்னாடியும் இதைச் செய்யுங்க. அப்படியே புது பட்ஸோட உலோகப் புள்ளி மேல ஒட்டியிருக்கிற மெல்லிய பிளாஸ்டிக் தாளையும் உரிச்சிருக்கீங்களான்னு பாருங்க.

சூடு. லித்தியம் பேட்டரியைச் சாதாரணமா 45 டிகிரி வரைக்கும்தான் சார்ஜ் பண்ணலாம். மே மாசம் வெயில்ல நிக்கிற பைக்கோட சீட் பெட்டிக்குள்ள அதைத் தாண்டறது பெரிய விஷயமில்ல. எடுத்த உடனே சார்ஜ் போட்டா பாதுகாப்பு சர்க்யூட் தடுத்திடலாம். நிழல்ல ஒரு மணி நேரம் வச்சிட்டுப் பாருங்க.

மாசக்கணக்கா தொடாம வச்சிருந்தா பேட்டரி அடிமட்டத்துக்கு இறங்கியிருக்கும். சாதாரண 5 வோல்ட் சார்ஜர்ல ரெண்டு மணி நேரம் விட்டா சிலது எழுந்திரிக்கும். காது ரப்பரைப் பெரிய சைஸா மாத்தியிருந்தா பட்ஸ் சரியா உட்காராது, கழட்டிட்டு வச்சுப் பாருங்க. கடைசியா மேனுவல்ல சொன்ன மாதிரி ரீசெட். அவ்வளவுதான்.

இத்தனைக்கும் மசியலைன்னா தப்பு எங்கேன்னு கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி இருக்கு. நம்ம ஆளுங்க ஆஃபர்ல சேர்ந்து வாங்குறதால, அதே மாடல் வச்சிருக்கிற ஒருத்தர் லைன்லயே இருப்பாரு. அவர் கேஸ்ல உங்க பட்ஸை அரை மணி நேரம் வைங்க. ஏறினா கோளாறு உங்க கேஸ்ல. ஏறலைன்னா பட்ஸ்ல.

இனி பணக் கணக்குக்கு வருவோம். வாரண்டி பெரும்பாலும் ஒரு வருஷம். ஆர்டர் போட்ட ஆப்லயே பில் இருக்கும், முதல்ல தேதியைப் பாருங்க. சர்வீஸ் சென்டர் சென்னையில இருந்தா, ஒரு நாள் லீவு போட்டுப் போனா 700 ரூபாய் சம்பளம் போயிடும். 1,299 ரூபாய் சாமானுக்கு அது நியாயமான செலவு இல்ல. அதனால நேர்ல போறதுக்கு முன்னாடி பிக்கப் இருக்கான்னு கேளுங்க. வாரண்டி இருந்தும் இழுத்தடிச்சா 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். காசு கிடையாது, தமிழ்லயே பேசலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்க குடியிருக்கிற இல்ல வேலை பாக்குற மாவட்டத்துலயே வழக்குப் போடலாம், 5 லட்சம் வரைக்கும் கட்டணமும் இல்ல. இயர்பட்ஸுக்காகத் திருவள்ளூருக்கு அலையச் சொல்லமாட்டேன். ஆனா அந்த உரிமை இருக்குன்னு தெரிஞ்சு பேசினா எதிர்ல பேசுறவர் குரல் மாறும்.

வாரண்டியும் போச்சு, பேட்டரியும் போச்சுன்னா? கேஸ் பேட்டரியைக் கைத்தொழில் தெரிஞ்ச சர்வீஸ் கடைக்காரர் மாத்திடுவாரு. பட்ஸுக்குள்ள இருக்கிறது சட்டை பட்டன் அளவு செல், அதையும் பசை போட்டு மூடியிருப்பாங்க. ரெண்டாயிரத்துக்குக் கீழே வாங்கினதுல அதைப் பிரிச்சு மாத்துறது எனக்கு லாபமாத் தெரியல. கேஸோ பட்ஸோ உப்பியிருந்தா சார்ஜும் போடாதீங்க, பிரிக்கவும் பிரிக்காதீங்க.

இதுல எனக்குக் கோபம் உண்டு. பேட்டரி தேயும்னு கம்பெனிக்குத் தெரியும், தெரிஞ்சேதான் பசை போட்டு மூடறாங்க. முடியாத வேலையும் இல்ல. நெதர்லாந்து ஃபேர்ஃபோன் கம்பெனி 2024-ல விட்ட ஃபேர்பட்ஸ்ல, பட்ஸ் பேட்டரி, கேஸ் பேட்டரி ரெண்டையும் நாமே மாத்தலாம். ஐரோப்பிய யூனியன்ல 2027 பிப்ரவரி 18-ல இருந்து, சில விதிவிலக்கு தவிர, கையடக்கச் சாமான்கள்ல பேட்டரியை வாங்கினவரே கழட்டி மாத்துற மாதிரி இருக்கணும்னு சட்டம். நம்ம மத்திய அரசு 2022 டிசம்பர்ல 'ரைட் டு ரிப்பேர்' போர்ட்டல் திறந்துச்சு. அது தகவல் தர்ற இடம்தான். பசையைப் பிரிக்கிற சட்டம் இன்னும் வரணும்.

சரி, அந்த இஎம்ஐ. 2,999 ரூபாய் பட்ஸ், மூணு மாசம் 'நோ காஸ்ட்', மாசம் ஆயிரம்னு வச்சுக்குவோம். பிராசஸிங் ஃபீஸ் 199, அதுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி, ஆக மொத்தம் 235 ரூபாய். சின்னத் தொகைதானேன்னு தோணும். ஆனா முதல் மாசம்தான் உங்க கையில 3,000 கடன் இருக்கு. அடுத்த மாசம் 2,000, அதுக்கடுத்து 1,000. இந்தக் கடனுக்கு 235 ரூபாயை ஆண்டு வட்டியா மாத்தினா ஏறக்குறைய 47 சதவீதம். ஊர்ல யாராவது இந்த வட்டி கேட்டா கந்துவட்டின்னு சொல்லுவோம். ஃபோன்ல பச்சைக் கலர் பட்டனா வந்தா 'நோ காஸ்ட்'. ஒரு தவணை தப்பினா அபராதம் தனி, சிபில் தனி. நாளைக்கு பைக் லோனுக்குப் போய் நிக்கும்போது இந்த ஆயிரம் ரூபாய் அங்கே வந்து உட்காரும்.

நான் என்ன செய்யச் சொல்றேன்னா, 350 ரூபாய்க்கு டைப்-சி ஒயர் இயர்ஃபோன் ஒண்ணு வாங்கிக்குங்க. சார்ஜே வேண்டாம். மாசம் 300 எடுத்து வைங்க, அஞ்சு மாசத்துல ரொக்கமா 1,500 சேரும். அப்பவும் பட்ஸ் வேணும்னு தோணினா வாங்குங்க, தப்பே இல்ல. தண்டவாளம் தாண்டும்போது மட்டும் ஒயரோ பட்ஸோ ரெண்டையும் காதுல இருந்து எடுத்துடுங்க, ப்ளீஸ்.

பழசை வீட்டுக் குப்பையோட போடாதீங்க. குப்பை வண்டியில நசுங்கினா லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கும். 2023 ஏப்ரல்ல இருந்து நடைமுறையில இருக்கிற மின்கழிவு விதிகள்படி, பழைய எலக்ட்ரானிக் சாமானை மறுசுழற்சிக்கு அனுப்புற பொறுப்பு தயாரிச்ச கம்பெனியோடது. அவங்க வெப்சைட்ல கலெக்‌ஷன் சென்டர் விவரம் இருக்கும்.

டேப் ஒத்தி இரும்புத் தூள் எடுக்கிறதை நேர்ல பார்க்கணும்னா இந்த வார வீடியோல காட்டியிருக்கேன். அடுத்த வாரம் ஃபோன் பேட்டரி மாத்துறது லாபமா, எக்ஸ்சேஞ்ச் லாபமான்னு பார்க்கலாம். உங்க ஃபோன் மாடலும் வாங்கின வருஷமும் எழுதி அனுப்புங்க, அதையே கணக்குக்கு எடுத்துக்கறேன்.