கொள்ளைநோயும் கொச்சைநகையும்: எல்லைப்புறக் கூத்தில் கட்டியக்காரனின் இடம்

இலண்டன் நகரில் கொள்ளைநோய் பரவுகிறது. வீட்டுத் தலைவன் ஊரைவிட்டு வெளியேறுகிறான். அவ்வீட்டை வேலைக்காரன் ஏமாற்றுக் கூடமாக்குகிறான். இதனைப் பென் ஜான்சன் 1610இல் பாலியல் கேலி நிறைந்த நகை நாடகமாக்கினார். கன்னடத்தில் யு.ஆர். அனந்தமூர்த்தியின் ‘சம்ஸ்காரா’ (1965) பிளேக்கையும் காமத்தையும் ஒரே அக்கிரகாரத்தில் நிறுத்தியது. தமிழில் இவற்றுக்கு இணை தேடுவோர் பெரும்பாலும் அச்சு நூல்களையே புரட்டுகின்றனர். தேட வேண்டிய இடம் கூத்துக்களமாகும். அங்கும் ஆய்வாளர் ஆபாசம் என ஒதுக்கும் கட்டியக்காரன் பேச்சே முதன்மைச் சான்றாகக் கொள்ளத்தக்கது.

நோயும் விழாவும்

நோய்க்கும் ஆட்டத்திற்குமான உறவு தமிழ் மரபில் பழமையானது. பாண்டிய நாட்டில் மழை பொய்த்து வெப்புநோயும் கொப்புளமும் தொடர்ந்தபோது, கொற்கை வெற்றிவேற்செழியன் கண்ணகிக்கு விழாவெடுத்துச் சாந்தி செய்தான் எனச் சிலப்பதிகார உரைபெறு கட்டுரை கூறுகிறது. அந்நூலுக்கு உரை வகுத்த அடியார்க்குநல்லார் கூத்தின் வகைகளுள் வசைக்கூத்தையும் புகழ்க்கூத்தையும் இணையாக வைக்கிறார். தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாடுகளுள் நகையை முதலில் வைத்து, அதன் நிலைக்களன்களுள் எள்ளலை முதலாவதாகச் சுட்டுகிறது. 1876–78 தாது ஆண்டுப் பஞ்சத்தை வில்லியப்ப பிள்ளை ‘பஞ்சலட்சணத் திருமுகவிலாசம்’ என்னும் எள்ளல் நூலாக்கினார். எனவே பேரழிவைச் சிரிப்பால் எதிர்கொள்ளுதல் தமிழுக்கு அயலான செயலன்று.

கட்டியக்காரனின் வினா

1896இல் பம்பாயில் தோன்றிய பிளேக் 1898 ஆகஸ்டில் பெங்களூரை எட்டியது. அங்கிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஓசூர் அன்று சென்னை மாகாணத்தின் சேலம் மாவட்டத்தில், மைசூர் சமஸ்தான எல்லையில் இருந்தது. 1897ஆம் ஆண்டின் கொள்ளைநோய்ச் சட்டம் பயணியரை நிறுத்திச் சோதிக்கவும் தனிமைப்படுத்தவும் அரசுக்கு அதிகாரம் அளித்தது. சென்னை மாகாணத்தில் ‘பிளேக் பாஸ்போர்ட்’ என்னும் அனுமதிச்சீட்டு நடைமுறைக்கு வந்தது. அக்குளும் அரையிடுக்கும் நெறிகட்டும் இடங்களாதலால் அதிகாரியின் கை அங்கெல்லாம் சென்றது. மானக்கேடு குறித்த அச்சம் நோயச்சத்தோடு சேர்ந்தது. கோயம்புத்தூரில் பிளேக் மாரியம்மனும் பெங்களூரில் பிளேக் அம்மாவும் தெய்வங்களாயினர்.

இந்நிலையில் தெருக்கூத்தின் வேடப் பிரவேசம் நோக்கத்தக்கது. திரைக்குப் பின்னிருந்து பாடும் அரசனைக் கட்டியக்காரன் தடுத்து நிறுத்துகிறான். யார், எந்த நாடு, வந்த காரியம் என்ன என வினவுகிறான். விடையைத் திரித்து, உடலுறுப்பையும் உறவுமுறையையும் இழுத்துக் கேலி செய்கிறான். இவ்வடிவம் பிளேக்குக்கு முற்பட்டதே. ஆயினும் எல்லைச் சாவடியில் நிறுத்திச் சோதிக்கப்பட்ட மக்களுக்கு, அரசனையே நிறுத்திச் சோதிக்கும் கடைநிலைப் பணியாளன் அந்நியனாகத் தோன்றியிருக்க இயலாது. 2020இல் ஜூஜூவாடிச் சோதனைச் சாவடியில் இ-பாஸ் கேட்கப்பட்டபோது அதே எல்லையில் அதே வினா மீண்டும் எழுந்தது. அவ்வாண்டு பங்குனி முதல் ஆடி வரையிலான பாரதக் கூத்துப் பருவம் ஊரடங்கில் அடங்கிப்போனதால், அதனை உடனே கேலியாக்கும் களமும் மூடப்பட்டது.

ஏட்டில் வராத பகுதி

கட்டியக்காரன் பேச்சு இரவுதோறும் புதிதாக உருவாவது. அச்சிட்ட கூத்து நூல்களில் அதன் சிறுபகுதியே உண்டு. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் புழங்கும் ஓசூர்ப் பகுதியில் ஒரு மொழியின் இயல்பான சொல் மற்றொன்றில் கொச்சையாக ஒலிப்பதும் நகைக்கு இடமாகிறது. ‘செந்தமிழாக்கப்பட்ட’ பதிப்பில் அது முற்றிலும் மறைந்துவிடும். 1876ஆம் ஆண்டு நாடக நிகழ்ச்சிச் சட்டம் ஆபாசத்தைத் தடைசெய்தது. அது 2018இல் நீக்கப்பட்டது. 1954ஆம் ஆண்டின் மாநிலச் சட்டத்தைச் சென்னை உயர்நீதிமன்றம் 2013இல் செல்லாததாக்கியது. சட்டங்கள் விலகிய பின்னரும் ஆய்வேடுகளில் கொச்சைச் சொல் வருமிடத்துப் புள்ளியிடும் வழக்கம் விலகவில்லை. கி. ராஜநாராயணனும் கழனியூரனும் ‘மறைவாய் சொன்ன கதைகள்’ வழியே காட்டிய துணிவு கூத்துப் பதிப்பிலும் வேண்டப்படுகிறது.

இதற்கு இரண்டு மறுப்புகள் எழலாம். இக்கேலி பெரும்பாலும் பெண்ணுடலையும் ஒடுக்கப்பட்ட சாதியினரையும் மாற்றுத்திறனாளியரையும் குறிவைக்கிறது என்பது ஒன்று. அது உண்மையே. ஆனால் அழிக்கப்பட்ட வசையைத் திறனாய்வு செய்ய இயலாது. யாரை நோக்கி யார் சிரித்தனர் என்பதை அறியவும் பதிவு தேவை. சாவின் அருகே சிரிப்பது பண்பாகாது என்பது மற்றொன்று. வட தமிழகத்தில் கருமாதி இரவில் கர்ணமோட்சம் ஆடப்படுகிறது. அங்கும் கட்டியக்காரன் சிரிக்கவைக்கிறான். கர்ணன் வீழும்போது அதே அவை அழுகிறது. துயரத்தைத் தாங்குவதற்கான இடைவெளியை அச்சிரிப்பு தருகிறது.

நிறைவு

கிருஷ்ணகிரி, ஓசூர் வட்டாரக் கூத்தைப் பதிவுசெய்யும் ஆய்வாளர் விடியும் வரையிலான முழு நிகழ்வையும் பதிவுசெய்தல் வேண்டும். கட்டியக்காரன் பேச்சை மும்மொழிக் கலப்புடன் பெயர்த்தெழுதி, அவை சிரித்த இடங்களையும் குறித்தல் வேண்டும். ஊரார் முன் ஓரிரவில் சொன்ன சொல் அச்சேறும்போது கலைஞரின் மதிப்புக்கு ஊறு நேரக்கூடுமாதலால், அவரது இசைவு முன்நிபந்தனையாதல் வேண்டும். பிளேக் கால நகையைக் கேட்டவர் எவரும் இன்று இல்லை. 2020ஐக் கண்ட கட்டியக்காரர்கள் இன்னும் மேடையில் உள்ளனர். அவர்கள் பேச்சையும் புள்ளிகளாக்கிவிட்டு, தமிழில் கொள்ளைநோய் நகை நாடகம் இல்லை என்று பின்னர் எழுதுவது ஆய்வறமாகாது.