430 அர்த்தம் இருந்தால் என்ன?

'செட்' என்ற ஒற்றை ஆங்கில வினைக்கு 430 பொருள். தமிழில் அப்படியொரு சொல் உண்டா, பிறகெப்படி மொழிபெயர்ப்பது என்கிறார்கள்.

ஒன்று: அது 1989இல் வந்த ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியின் கணக்கு. வழக்கொழிந்த பொருள்களும் அதில் அடக்கம்.

இரண்டு: மொழிபெயர்ப்பாளர் 430ஐயும் ஒருசேரவா சந்திக்கிறார்? அவர் முன்னால் இருப்பது ஒரு வாக்கியம். சூரியன் மறைகிறது, சிமெண்ட் இறுகுகிறது, ஜெல்லி உறைகிறது, அலாரம் வைக்கிறோம், வினாத்தாள் தயாரிக்கிறோம். இத்தனை வினைகள் கைவசம் இருப்பதா வறுமை?

மூன்று: நம்மிடம் இல்லையாமே! பஸ் பிடிக்கிறோம். சளி பிடிக்கிறது. இரும்பு துருப்பிடிக்கிறது, பிள்ளை அடம்பிடிக்கிறது, சம்பளத்தில் பிடிக்கிறார்கள், அப்படிப் பிடிப்பவரை நமக்குப் பிடிப்பதில்லை. இதை ஆங்கிலத்தில் ஒரே சொல்லால் பெயர்த்துக் காட்டுங்களேன். அதற்கு முன், க்ரியா அகராதியில் 'பிடி'யை ஒருமுறை புரட்டிவிட்டு வாருங்கள்.