ஒரு காம்பிராவை மட்டும் கூட்டினால் தெள்ளு போகாது

தென்மேற்கு மழை பிடித்துவிட்டால் பூண்டுலோயாப் பக்கத்து லயங்களில் கம்பளி காய்வதில்லை. வெளியே படுக்க முடியாத நாயும் பூனையும் அடுப்படிக்கு வந்துவிடுகின்றன. அவற்றோடு தெள்ளும் வந்துவிடுகிறது. பிள்ளைகளின் கணுக்காலில் வரிசையாகச் சிவந்த தடிப்புகளைக் காணாத வீடு இந்த நாட்களில் குறைவு.

சம்பளப் பிரச்சினை தலைக்கு மேல் இருக்கும்போது சங்கப் பத்திரிகையில் தெள்ளுப்பூச்சியைப் பற்றி எழுத வேண்டுமா என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். வேண்டும். இரவெல்லாம் சொறிந்துகொண்டு தூங்காத தாய்தான் காலையில் பிரட்டுக்குப் போய், மலையேறி, கேட்ட கிலோவை எடுக்க வேண்டும். கடியைச் சொறிந்து புண்ணாக்கிக்கொண்ட பிள்ளைதான் வகுப்பில் தனியாக உட்கார்த்தப்படுகிறது, "லயத்துப் பிள்ளை" என்ற பேச்சைக் கேட்கிறது.

தெள்ளு சின்ன விஷயமாக எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. எலியிலிருந்து மனிதனுக்குப் பிளேக் நோயைக் கொண்டுபோவது எலித்தெள்ளுதான் என்று போல் லூயி சிமோன் என்ற பிரெஞ்சு வைத்தியர் 1898இல் கராச்சியில் செய்த பரிசோதனையில் கண்டறிந்தார். 1914இல் அந்த நோய் கொழும்புக்கே வந்தது. பிளேக்குக்கும் கொலராவுக்கும் பயந்துதான் நம் முன்னோர்களை மண்டபம் முகாமில் நாட்கணக்கில் அடைத்துவைத்து, துணிமணிகளுக்கு மருந்து போட்டுக் கப்பலேற்றினார்கள். வாசலில் அவ்வளவு கவனம் காட்டிய துரைத்தனம், மலைக்கு வந்தபின் அதே மக்களை வெடித்த தரையும் பொதுச் சுவருமுள்ள காம்பிராக்களில் குடிவைத்தது. இன்று நம் ஊரில் பிளேக் இல்லை. ஆனால் தெள்ளினால் பரவும் டைபஸ் காய்ச்சல் ஒன்று உண்டு. கடித்த தடிப்போடு காய்ச்சலும் கடும் தலைவலியும் இருந்தால், பனடோலோடு நிறுத்திவிடாமல் ஆஸ்பத்திரிக்குப் போய், வீட்டில் தெள்ளு இருப்பதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள். நாயின் தெள்ளைத் தவறி விழுங்கும் சிறு பிள்ளைக்கு நாடாப்புழு வரவும் இடமுண்டு.

பலரும் நினைப்பதுபோல் தெள்ளு நாயின் உடம்பில் மட்டும் வாழ்வதில்லை. அங்கே குதிப்பது அதன் குடும்பத்தில் ஒரு சிறு பங்குதான். ஒரு பெண் தெள்ளு நாளொன்றுக்கு 20 முதல் 50 முட்டை வரை இடும். முட்டை ஒட்டிக்கொண்டிருக்காது, நாய் படுக்கும் சாக்கிலும் கட்டிலுக்கு அடியிலும் தரை வெடிப்பிலும் உதிர்ந்துவிடும். புழு அங்கேயே தூசியையும் பெரிய தெள்ளின் காய்ந்த கழிவையும் தின்று வளர்ந்து கூடு கட்டும். அந்தக் கூட்டுக்குள் மாதக்கணக்கில்கூடச் சும்மா கிடக்கும். காலடி அதிர்வும் உடம்புச் சூடும் மூச்சுக்காற்றும் பட்டவுடன் வெளியே குதிக்கும். கொழும்பில் வேலை செய்யும் குடும்பம் தீபாவளிக்கு வந்து, பூட்டிக்கிடந்த காம்பிராவைத் திறந்த அன்றே கால் நிறையக் கடி வாங்குவது இதனால்தான். பக்கத்து வீட்டுக்காரரை ஏசிப் பயனில்லை.

ஆகவே வேலை தரையிலும் படுக்கையிலும் இருக்கிறது. தினமும் மூலை முடுக்கு, கட்டில் அடி, சுவரோரம் என்று கூட்டி, குப்பையை உடனே எரித்துவிடுங்கள். போர்வை, துணி, நாயின் சாக்கு எல்லாவற்றையும் வாரம் ஒரு முறை கொதிநீரில் போடுங்கள். வெயில் கிடைக்கிற நாளைத் தவறவிடாதீர்கள். தரை வெடிப்புகளில் கொதிநீர் ஊற்றி, காய்ந்தபின் சீமெந்தாலோ களிமண்ணாலோ அடைத்துவிட வேண்டும். இரவில் விளக்குக்குக் கீழே ஒரு தட்டில் சவர்க்காரத் தண்ணீர் வைத்தால் சில தெள்ளு அதில் விழுந்து சாகும். எத்தனை விழுகிறது என்று பார்த்தால் நிலைமையும் தெரியும். நாயைச் சவர்க்காரம் போட்டுக் குளிப்பாட்டி, பல் நெருங்கிய சீப்பால் வாருங்கள். மருந்து வாங்குவதானால் மிருக வைத்தியரைக் கேட்டு வாங்குங்கள். நாய்க்குப் போடும் பெர்மெத்ரின் மருந்து பூனையைக் கொன்றுவிடும். இதையெல்லாம் ஒரு நாள் செய்துவிட்டு விட்டால் போதாது. கூட்டுக்குள் இருப்பவை வெளிவந்து முடியும்வரை, வாரக்கணக்கில் தொடர வேண்டும்.

செய்யக்கூடாததையும் கண்டிப்பாகச் சொல்கிறோம். தோட்டத்தில் அடிக்கும் மருந்தைப் போத்தலில் வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். புல்லுக்கு அடிக்கிற மருந்துக்குத் தெள்ளு சாகாது. தவழும் குழந்தைக்குத்தான் ஆபத்து. தரையில் மண்ணெண்ணெய் தெளிப்பதும் வேண்டாம். ஒரு காம்பிராவில் பிடித்த தீ முழு லயத்தையும் எரித்த கதைகள் நமக்குப் புதியவை அல்ல.

இவ்வளவும் செய்தாலும் ஒரு குடும்பத்தால் மட்டும் இதை வெல்ல முடியாது. ஒரே கூரை, ஒரே சுவர், ஒரே இஸ்தோப்பு. இந்தப் பக்கம் கூட்டினால் எலியும் பூனையும் அந்தப் பக்கத்திலிருந்து திரும்பக் கொண்டுவருகின்றன. டன்சினன் தோட்டத்தில் 2018 ஆகஸ்டில் இந்திய உதவியில் கையளிக்கப்பட்ட மகாத்மா காந்திபுரத்தின் 404 வீடுகளைப் போலத் தனி வீடு இருந்தால் கதை வேறு. அங்கே ஒரு குடும்பம் செய்த துப்புரவு அந்தக் குடும்பத்துக்கே மிஞ்சும். லயத்தில் இருக்கும்வரை எல்லாக் காம்பிராவும் ஒரே நாளில் இறங்கினால்தான் பலன். மாதர் அணித் தலைவிமார் இதற்கு ஒரு ஞாயிறைக் குறித்து, வயதானவர்களின் வீட்டையும் பூட்டியிருக்கும் காம்பிராவையும் சேர்த்துச் செய்ய ஏற்பாடு பண்ண வேண்டும். ஆண்கள் அன்று டவுனுக்குப் போகாமல் இருப்பது நல்லது!

"வீட்டைச் சுத்தமாக வைத்திருங்கள்" என்று நிர்வாகம் நமக்குப் புத்தி சொல்லும். சொல்லட்டும். லயங்களையும் அவற்றின் சுற்றுப்புறத்தையும் சுகாதாரமாக வைத்திருப்பது தோட்ட அதிகாரியின் கடமை என்று 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டமே விதித்திருந்தது. வெடித்த தரையைப் பூசுவதும், அடைபட்ட கானை வெட்டிவிடுவதும், எலி புகும் ஓட்டைகளை மூடுவதும் தொழிலாளியின் விளக்குமாற்றால் ஆகிற வேலை அல்ல. நம் பங்கை நாம் செய்துவிட்டுக் கேட்கும்போது, "உங்கள் அசுத்தம்" என்ற பதிலுக்கு இடமிருக்காது.

எனவே துப்புரவு செய்த மறுநாளே, எந்தக் காம்பிராவில் தரை வெடிப்பு, எங்கே கான் அடைப்பு என்று இலக்கத்தோடு எழுதி, தோட்டத் தலைவர் மூலம் நிர்வாகத்துக்குக் கொடுங்கள். ஒரு பிரதி பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்குப் போகட்டும். திகதி போட்டு, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கி, இன்னொரு பிரதியைச் சங்கக் காரியாலயத்தில் சேர்த்துவிடுங்கள்.