தனித்தொகுதி இருந்தது, உறுப்பினர் இல்லை

2017 செப்டம்பர் 18 முதல் 2019 மே வரை, ஏறத்தாழ இருபது மாதங்கள், பூந்தமல்லி தனித்தொகுதிக்குச் சட்டமன்ற உறுப்பினர் இல்லை. அதே காலத்தில் பூந்தமல்லி நகராட்சிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமும் இல்லை. குடிநீருக்கும் கழிவுநீர் வடிகாலுக்கும் சேரி மக்கள் முறையிட எஞ்சியவர்கள் நாடாளுமன்ற உறுப்பினரும் அதிகாரிகளும் மட்டுமே.

முதல் வெற்றிடம் ஆளுங்கட்சியின் உட்பூசலால் நேர்ந்தது. முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமிக்கான ஆதரவை விலக்கிக்கொள்வதாக ஆளுநரிடம் கடிதம் அளித்த அ.தி.மு.க. உறுப்பினர்கள் 18 பேரைப் பேரவைத் தலைவர் தகுதிநீக்கம் செய்தார். 2017 பிப்ரவரியில் நம்பிக்கை வாக்கெடுப்பில் அரசுக்கு எதிராகவே வாக்களித்த 11 பேரோ, அணிகள் இணைந்தபின் பதவியில் நீடித்தனர். காலியான 18 தொகுதிகளில் பூந்தமல்லி, குடியாத்தம், அரூர், நிலக்கோட்டை, பெரியகுளம், மானாமதுரை, பரமக்குடி, ஓட்டப்பிடாரம் ஆகிய எட்டும் தனித்தொகுதிகள். மாநிலத்தின் 234 தொகுதிகளில் பட்டியல் சாதியினருக்கானவை 44 மட்டுமே என்பதை நினைத்தால் இழப்பின் அளவு புரியும். 2018, 2019 ஆகிய இரு ஆண்டுகளின் நிதிநிலை அறிக்கைகளும் இவ்வெட்டுத் தொகுதிகளின் குரலின்றியே தாக்கலாயின.

இரண்டாம் வெற்றிடம் இன்னும் நீண்டது. 2016 அக்டோபரில், பழங்குடியினர் இடஒதுக்கீட்டில் குறை இருப்பதாகத் தி.மு.க. தொடுத்த வழக்கில், உள்ளாட்சித் தேர்தல் அறிவிக்கையை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. குறையைக் களைந்து உடனே தேர்தல் நடத்தியிருக்கலாம். அ.தி.மு.க. அரசோ தனி அலுவலர்களின் பதவிக்காலத்தை மீண்டும் மீண்டும் நீட்டித்தது. மன்றத்தின் காலம் முடியுமுன் தேர்தலை முடிக்க வேண்டும் என்னும் அரசமைப்புச் சட்டப் பிரிவு 243-U ஏட்டளவில் நின்றது. நகர்ப்புறத் தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரியில்தான். அம்பத்தூர் மக்கள் சென்னை மாநகராட்சியில் ஐந்தாண்டுகளுக்கு மேல் கவுன்சிலரின்றி வாழ்ந்தனர். ஆவடி, 2019இல் மன்றமே இல்லாமல் மாநகராட்சியாகத் தரம் உயர்ந்தது.

ஆவடியின் மேயர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது, மகிழ்ச்சி. ஆனால் மேயரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதா, கவுன்சிலர்கள் தேர்ந்தெடுப்பதா என்பதை ஒரே கட்சியின் அரசு 2016, 2018, 2019 என மும்முறை மாற்றியது. இறுதியில் நிலைத்தது மறைமுகத் தேர்தல். அதில் மேயர் யார் என்பதைக் கட்சித் தலைமையே முடிவு செய்கிறது. ஆட்சி மாறியபின்னும் அந்த முறை மாறவில்லை.

இடஒதுக்கீடு நாற்காலியை உறுதி செய்கிறது. அது காலியாகாமல் காப்பதற்கு வலுவான சட்டம் இல்லை. தகுதிநீக்க அதிகாரத்தைப் பேரவைத் தலைவரிடமிருந்து சுதந்திரமான தீர்ப்பாயத்துக்கு மாற்றுவது குறித்து நாடாளுமன்றம் பரிசீலிக்கலாம் என உச்ச நீதிமன்றம் 2020 ஜனவரியில் கூறியது. அதனுடன், தனி அலுவலர் ஆட்சியை நீட்டிக்க முடியாத சட்டத் தடையையும் நாம் கோர வேண்டும். வாக்கு கேட்டு வரும் எல்லாக் கட்சிகளிடமும் இவ்விரண்டையும் எழுத்தில் கேட்போம்.