யன்னலுக்குப் பின்னால் நிற்கும் கைகள்

'வண்ணக் கண்ணாடி யன்னலா? அது தேவாலயத்துக்கும் சீமான்களுக்கும் உரிய சோடனை. அகதிக்கு அதனால் என்ன?' என்று கேட்கும் தோழர்கள் நம்மிடையே உண்டு. இன்னொரு சாரார் கலை ரசிகர்கள். கிளாஸ்கோவுக்குப் போய்வந்து 'மக்கின்டொஷ், மக்கின்டொஷ்' என்று ஒரே பெயரை ஜெபிப்பார்கள். இரு சாராரும் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள். யன்னலை வாங்கியவனும் வரைந்தவனும் மட்டுமே இவர்களுக்குத் தெரிகிறார்கள். செய்தவன் எவர் கண்ணிலும் படுவதில்லை.

ஒரு யன்னல் எப்படி உருவாகிறது? முதலில் சிறு வரைபடம், பிறகு யன்னலின் முழு அளவில் இன்னொன்று. அதன்படி நிறக் கண்ணாடியைத் துண்டு துண்டாக வெட்டவேண்டும். முகத்தையும் துணிமடிப்பையும் கரிய வர்ணத்தால் தீட்டிச் சூளையில் சுடவேண்டும். துண்டுகளை ஈயப் பட்டிகளில் பொருத்தி, மூட்டுகளைப் பற்றவைத்து, மழை புகாதபடி இடுக்குகளை அடைக்கவேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரிய பட்டறைகளில் இவை ஒவ்வொன்றும் ஒவ்வொருவர் வேலை. பெயர் மட்டும் கம்பனியுடையது. வெங்காயம் வெட்டுபவன் ஒருவன், கோப்பை கழுவுபவன் ஒருவன், வாசலில் முதலாளியின் பெயர். பட்டப்படிப்பைப் பாதியில் விட்டுவந்து ரெஸ்ரோரன்ட் சமையலறையில் நிற்கும் எனக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை.

உழைப்பின் மகிழ்ச்சியைப் பற்றி மேடை மேடையாகப் பேசிய சோசலிஸ்ட் வில்லியம் மொறிஸின் கம்பனிகூட விலக்கல்ல. அதன் ஓவியர் பேர்ன்-ஜோன்ஸ் 1898இல் இறந்தார். கம்பனியோ 1940இல் மூடப்படும்வரை அவரது பழைய வரைபடங்களைத் திரும்பத் திரும்ப எடுத்து யன்னல் செய்து விற்றது. செத்தவரின் பெயர் நிலைத்தது. உயிரோடிருந்து தீட்டியவர்களின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

கிறிஸ்தோபர் வோல் (1849-1924) இதை எதிர்த்தார். தன் வரைபடங்களைப் பிறர் கையில் கொடுத்து ஏமாந்தவர், வெட்டுவது முதல் சுடுவதுவரை தானே கற்றுக்கொண்டார். அந்த அறிவைப் பூட்டி வைக்காமல் லண்டனில் கற்பித்தார். 1905இல் கைந்நூலாகவும் எழுதினார்.

மேரி லௌண்ட்ஸ் என்ற பெண் கலைஞர் 1897இல் ஒரு பட்டறை தொடங்கினார். பங்காளி அல்பிரட் ட்ரூறி, கண்ணாடிக் கம்பனியொன்றில் வேலை பார்த்த கைவினைஞர். பட்டறையின் பெயர் 'லௌண்ட்ஸ் அன்ட் ட்ரூறி'. கவனியுங்கள், வரைபவரின் பெயருக்குப் பக்கத்தில் கைவேலைக்காரரின் பெயர்! 1906இல் ஃபுல்ஹமில் இவர்கள் கட்டிய 'கிளாஸ் ஹவுஸ்' கட்டடத்தில், சொந்தப் பட்டறை இல்லாத கலைஞர்கள் இடத்தை வாடகைக்கு எடுத்துத் தங்கள் யன்னலைத் தாங்களே செய்தார்கள். அவர்களில் பலர் பெண்கள். இதே லௌண்ட்ஸ்தான் 1907இல் பெண்கள் வாக்குரிமைக்கான கலைஞர் கழகத்தைத் தொடங்கியவர். 1908 ஜூனில் லண்டன் தெருக்களில் பெண்கள் ஏந்திச் சென்ற பதாகைகள் பலவற்றை வடிவமைத்தவர். 'சோடனை' என்று இளக்காரம் பேசும் தோழர்கள் இதற்கு என்ன சொல்வார்கள்?

ரசிகர்களுக்கும் ஒரு சொல். 1903இல் கேட் கிரான்ஸ்டன் திறந்த வில்லோ தேநீர்க்கடையின் மேல்மாடி அறை, ஈயம் பிணைத்த கண்ணாடிக் கதவுகளுக்குப் பெயர்போனது. அது மக்கின்டொஷ் தனியே நிகழ்த்திய அற்புதமல்ல. மனைவி மார்கரெட் மக்டொனால்டின் சுவர்ச்சித்திரம் அங்கேதான் இருந்தது. காசு போட்டவரும் ஒரு பெண். தட்டேந்திய பணிப்பெண்களின் உடைகூட அலங்காரத்தின் பகுதியாகவே திட்டமிடப்பட்டது. பரிமாறுபவளையும் ஒரு கண்ணாடித் துண்டாக்கிவிடும் அந்த அழகை நான் முழுமனதோடு கொண்டாடமாட்டேன்.

வோலின் வழி முழு விடுதலையல்ல. கையால் செய்த யன்னல் விலை கூடியது. 1914-18 போரில் செத்த பிள்ளைக்குத் தனி யன்னல் வைக்க வசதியுள்ள குடும்பத்தால்தான் முடிந்தது. இதை நான் மறுக்கவில்லை. ஆனால் வாங்கியவன் யார் என்பதோடு கணக்கை மூடினால், செய்தவனை இரண்டாம் தடவையும் புதைக்கிறோம்.

நம் விழாக்களில் பொன்னாடை யாருக்கு? நம் சஞ்சிகைகளை இரவிரவாகத் தட்டச்சுச் செய்து, மடித்து, முத்திரை ஒட்டியவர்களின் பெயர் எந்தப் பக்கத்தில் இருந்தது? இரண்டு பெயர் போட்ட பலகை நூறு வருடங்களுக்கு முன்பே ஃபுல்ஹமில் சாத்தியமாயிற்று. நம்மால் ஏன் முடியவில்லை?