கொல்லையில் குடியிருக்கும் மூடநம்பிக்கை

கோழி வளர்ப்பதைப் பற்றியும், வெண்டையும் பூசணியும் விதைப்பதைப் பற்றியும் இப்பத்திரிகையில் என்ன பேச்சு என்று சிலருக்குத் தோன்றலாம். கோவிலையும் சாதியையும் புரோகிதத்தையும் பற்றி எழுத வேண்டிய இடத்தில் கோழிக்கூட்டைப் பற்றி எழுதுவானேன் என்றுகூடக் கேட்கலாம். ஆனால் நமது மக்களின் மூடநம்பிக்கை கோவிலுக்குள் மாத்திரம் குடியிருப்பதாக நாம் நினைத்துக்கொண்டிருப்போமேயானால் அதைவிட ஏமாற்றம் வேறில்லை. அது வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கொல்லையிலும் குடியிருக்கின்றது. கோவிலில் இருப்பது வருஷத்தில் நாலு தடவை நமது பணத்தைப் பறிக்கின்றதென்றால், கொல்லையில் இருப்பது நாள்தோறும் நமது சோற்றிலேயே கை வைக்கின்றது. அதிலும், அந்தச் சோறு யாருடையது என்று பார்த்தால், அது பெரும்பாலும் குடும்பத்தில் வேறு எந்தச் சொத்தும் இல்லாத பெண்ணினுடையதாகவே இருக்கின்றது.

எப்படியெனில், நமது நாட்டு ஏழைக் குடும்பங்களில் நிலம் என்று ஒன்று இருந்தால் அது அநேகமாய்ப் புருஷன் பேரிலோ மாமனார் பேரிலோ இருக்கும். மாடு இருந்தால் அதற்குப் பேரம் பேசுகின்றவன் புருஷன். பெண் கூலிக்குப் போய்க் கொண்டுவரும் பணத்திற்குங்கூடக் கணக்குக் கேட்கப்படும். ஆனால் கொல்லையில் திரிகின்ற பத்துக் கோழியும், கிணற்றடித் தண்ணீர் பாய்கின்ற இரண்டு சென்ட் இடத்துச் செடி கொடியுமே அவள் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளத் தக்கவையாய் இருந்து வருகின்றன. நாட்டுக்கோழி ஒன்று ஆண்டுக்கு 60, 70 முட்டை இடும். முட்டை விற்ற காசு அவளது சுருக்குப்பைக்குள் போகின்றது. பிள்ளைக்கு நோட்டுப் புத்தகமும், தனக்குக் காய்ச்சல் வந்தால் மருந்தும் அந்தக் காசில்தான் வருகின்றன. ஆகவே கொல்லைக்கு வரும் நஷ்டம் அவளுடைய சுதந்திரத்திற்கு வரும் நஷ்டம் என்றே நாம் சொல்லுவோம்.

இனி அந்த நஷ்டம் எப்படி வருகின்றதென்று பார்ப்போம். மாசி போய்ப் பங்குனி பிறந்து வெயில் ஏறுகின்ற காலத்தில் ஊருக்கு ஊர் கோழிகள் சாகின்றன. காலையில் இரை பொறுக்கிய கோழி மாலையில் இறகை உதறிக்கொண்டு ஒடுங்கி நிற்கின்றது. வெள்ளையும் பச்சையுமாய்க் கழிகின்றது. வாயைத் திறந்து மூச்சு வாங்குகின்றது. சிலவற்றுக்குக் கழுத்துத் திருகிக்கொள்ளுகின்றது. நோய் புகுந்த கொல்லையில் பத்துக்கு எட்டும் ஒன்பதும் செத்துப்போவது உண்டு. உடனே என்ன சொல்லப்படுகின்றது? அம்மனுக்கு நேர்ந்த கோழியைக் கொடுக்காமல் ஏமாற்றியதால் வந்த கோபம் என்கின்றான் ஒருவன். பக்கத்து வீட்டுக்காரியின் கண் என்கின்றாள் ஒருத்தி. மாமியாரோ, தீட்டுக்காரி கூட்டைத் தொட்டாள் என்று மருமகள்மேல் பழியைப் போடுகின்றாள். கோழியை இழந்தவளே குற்றவாளியுமாகின்றாள். பிறகு செத்தது போக மிஞ்சிய ஒரு கோழியையும் கோபம் தணிவதற்காக அம்மனுக்கே கொண்டுபோய்க் கொடுக்கின்றார்கள்! ஒன்பது கோழியைக் கொன்றது போதாதென்று பத்தாவதையும் கேட்கின்ற ஒன்றை, தாய் என்று கூப்பிடுவதற்கு நமது ஜனங்களுக்கு எவ்வளவு பொறுமை இருக்கவேண்டும் என்பதை யோசித்துப் பாருங்கள்.

உண்மையில் இது வெள்ளைக்கழிச்சல் என்னும் ஒரு தொத்து நோய். கண்ணுக்குத் தெரியாத ஒருவகை வைரஸ் கிருமியால் வருவது. 1926-ம் ஆண்டில் ஜாவாத் தீவிலும், இங்கிலாந்து தேசத்தில் நியூகாசில் என்னும் ஊரிலும் இது முதன்முதல் கண்டறியப்பட்டது. அதனாலேயே உலகத்தார் இதற்கு நியூகாசில் நோய் என்று பெயர் வைத்தார்கள். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் இந்தியாவில் குமாவுன் மலைப்பக்கத்து ராணிக்கேத் என்னும் ஊரில் காணப்பட்டதால் இங்கே இதற்கு ராணிக்கேத் நோய் என்ற பெயரும் உண்டு. நமது ஊர் அம்மனின் கோபமே இதற்குக் காரணமானால், அந்த அம்மன் நியூகாசிலுக்கு எந்தக் கப்பலில் ஏறிப் போனாள் என்று கேட்கின்றோம். அந்த ஊர்க் கோழிக்காரன் எந்த நேர்த்திக்கடனைப் பாக்கி வைத்தான்?

சரி, பங்குனி சித்திரையில் இது அதிகமாய்க் காணப்படுவானேன் என்று கேட்கலாம். காரணம் பிரத்தியட்சமாய் இருக்கின்றது. வெயிலால் கோழிகளின் உடல் தளர்ந்திருக்கும் காலம் அது. அல்லாமலும் அது திருவிழாக் காலம். நாலா பக்கத்துக் கோழிகளும் சந்தைக்கும் கோவிலுக்குமாகக் கூடை கூடையாய் வந்து ஒரே இடத்தில் அடைபடுகின்றன. அவற்றில் ஒன்றிரண்டு நோய் கண்டதாய் இருந்தால், விலை போகாமல் வீடு திரும்புகின்ற கோழியின் கூடவே நோயும் போய்ச் சேர்கின்றது. மனிதருடைய காலிலும், கூடையிலும், சாக்கிலும் ஒட்டிக்கொண்டும் போகின்றது. போதாக்குறைக்குச் செத்த கோழியை வாய்க்காலிலும் குப்பைமேட்டிலும் வீசி எறிகின்றோம். நாயும் காக்கையும் அதை அடுத்த தெருவுக்குக் கொண்டுபோகின்றன. எந்தத் திருவிழா நோயைத் தணிக்கின்றதென்று நம்புகின்றோமோ அந்தத் திருவிழாவே நோயைப் பரப்பும் சந்தையாய் இருக்கின்றது.

இதற்குத் தடுப்பு மருந்து இல்லாமலில்லை. இமயமலைச் சாரலில் முக்தேஸ்வரத்திலுள்ள கால்நடை ஆராய்ச்சிசாலையில் 1940-களிலேயே இதற்குத் தடுப்பூசி கண்டுவிட்டார்கள். குஞ்சு பொரித்த ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. எட்டு வாரம் ஆனபின் இறக்கையடியில் ஓர் ஊசி. அதன்பின் கால்நடை மருத்துவர் சொல்லுகிறபடி மறுபடியும் போட்டுவர வேண்டியது. இவ்வளவுதான் விஷயம். தமிழ்நாட்டுக் கால்நடைத் துறையார் கோடைக்கு முன்பாகப் பிப்ரவரி மாதத்தில் இதற்கென்று இலவச முகாம்கள் நடத்திவருவதும் உண்டு. ஆனால் இதில் ஒரு சங்கதியை நன்றாக ஞாபகத்தில் வைக்கவேண்டும். தடுப்பூசி என்பது நோய் வருமுன் உடம்பைத் தயார் செய்வதேயொழிய, வந்த நோயைத் தீர்ப்பதல்ல. நமது ஆட்கள் என்ன செய்கின்றார்களென்றால், முதலில் மந்திரிக்கின்றார்கள், பிறகு மஞ்சள் தண்ணீர் தெளிக்கின்றார்கள், பாதிக் கோழி செத்தபின் ஊசி போட ஓடுகின்றார்கள். மீதியும் செத்தவுடன், “ஊசி போட்டுத்தான் செத்தது” என்று ஊரெல்லாம் சொல்லுகின்றார்கள். வீடு எரிந்து முடிந்தபின் கிணறு வெட்டியவன் தண்ணீர்மேல் குறை சொல்லுவது போன்றதே இது.

அம்மை நோயும் ஒரு காலத்தில் அம்மனாகத்தான் இருந்தது. கூழும் வேப்பிலையும் நூற்றாண்டுக் கணக்காய்ச் செய்ய முடியாததை ஊசி செய்து, 1980-ம் ஆண்டில் பெரியம்மை உலகத்திலேயே இல்லை என்று அறிவிக்கப்பட்டது. மாடுகளை மந்தை மந்தையாய் வாரிக்கொண்டுபோன வெக்கை நோயும் அப்படியே 2011-ல் ஒழிந்தது. மனிதனையும் மாட்டையும் விட்டுப்போன தெய்வ கோபம் கோழியை மாத்திரம் ஏன் பிடித்துக்கொண்டிருக்கின்றது? நாம் அங்கே அறிவைக் கொண்டுபோகவில்லை. காரணம் அவ்வளவே.

நிற்க, செடிகொடி விஷயத்திற்கு வருவோம். ஆடிப்பட்டம் தேடி விதை என்று நமது பெரியவர்கள் சொன்னார்கள். இதை நாம் மூடநம்பிக்கை என்று சொல்லமாட்டோம். பட்டம் வேறு, பஞ்சாங்கம் வேறு. பட்டம் என்பது மழையையும் வெயிலையும் மண்ணின் ஈரத்தையும் தலைமுறை தலைமுறையாய்ப் பார்த்துப் பார்த்து உழுதவன் கண்ட அனுபவம். பஞ்சாங்கம் என்பது உழாதவன் உட்கார்ந்துகொண்டு எழுதியது. தை, மாசியில் வெண்டை, கொத்தவரை, சுரை, பூசணி, தண்டுக்கீரை விதைத்தால் கோடையில் பலன் எடுக்கலாம் என்பது பட்டம். அதையும் ராகுகாலம் கழித்து விதை என்பது பஞ்சாங்கம். விதைக்கு வேண்டியது ஈரமும், சூடும், காற்றும். விதையும் பழையதாய் இருக்கக்கூடாது. இந்நாளிலோ கையில் இருக்கும் கைப்பேசியில் நாளைய மழையைப் பார்க்கக்கூடிய மனிதன், அதே கைப்பேசியில் குளிகை நேரம் பார்த்து விதைக்கின்றான்!

கொடியவரையை மாசியில் விதைத்தால் பந்தல் நிறையக் கொடி படருமேயொழியப் பூ வைக்காது. கண்ணேறு என்று சொல்லிப் பந்தலில் பழைய செருப்பைக் கட்டுகின்றார்கள். கொடியவரை இரவு நீளுகின்ற காலத்தில் பூக்கின்ற ஜாதி. ஆடியில் விதைத்தால் மார்கழி, தையில் காய்ப்பது அதனால்தான். பகலிரவின் நீளத்திற்கும் பூப்பதற்கும் உள்ள இச்சம்பந்தத்தை அமெரிக்காவில் கார்னர், அல்லார்டு என்னும் இருவர் 1920-ல் விளக்கிக் காட்டினார்கள். காரணம் தெரிந்ததனால், பகல் நீளத்தைப் பொருட்படுத்தாத குத்தவரை ரகங்கள் கோயமுத்தூர் வேளாண்மை ஆராய்ச்சியிலேயே உண்டாக்கப்பட்டு இன்று எந்தப் பட்டத்திலும் விதைக்கப்படுகின்றன. செருப்புக் கட்டினவர்களால் ஓர் அவரைப்பூவையாவது பூக்கவைக்க முடிந்ததா?

பூசணியின் சங்கதி இதைவிடக் கொடுமை. முதலில் பூக்கின்ற பூவெல்லாம் உதிர்ந்துபோனால், வீட்டுக்கு விலக்கான பெண்ணின் நிழல் பட்டுவிட்டது என்கின்றார்கள். பூசணியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. ஆண் பூவே முந்திப் பூக்கும். அது உதிரத்தான் செய்யும். அடியில் சிறு பிஞ்சோடு வருவதே பெண் பூ. விடியற்காலையில் தேனீ மகரந்தத்தைக் கொண்டுவந்து சேர்த்தால் பிஞ்சு நிற்கும். தேனீ வராவிட்டால் நீங்களே ஒரு ஆண் பூவைப் பறித்து, இதழை நீக்கிப் பெண் பூவின் நடுவில் தொட்டுவிடுங்கள், காய் பிடிக்கும். சுரைப்பூ மாலையில் மலர்வதால் அதற்கு மாலையில் செய்யவேண்டும். இதை விலக்கான பெண் செய்தாலும் காய் பிடிக்கும், விதவை செய்தாலும் பிடிக்கும். தன் வீட்டுப் பெண்ணைக் கண்டால் நிழலைக் காட்டாதே என்கின்றவன், அவள் தண்ணீர் ஊற்றி வளர்த்த காயை மாத்திரம் கூச்சமில்லாமல் தின்கின்றானே, இது எந்த நியாயம்?

இடி இடித்தால் அடைமுட்டை கூமுட்டையாகும் என்று கூடைக்குள் இரும்பும் கரியும் போட்டுவைப்பதும் இத்தகையதே. சேவல் சேராத முட்டையும், கோடை வெப்பத்தில் வாரக்கணக்காய்ச் சேர்த்து வைத்த முட்டையும் கூமுட்டையாகும். ஒரு வாரத்திற்கு உட்பட்ட முட்டையாய்ப் பொறுக்கி வைத்து, ஏழாம் நாள் இருட்டில் விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உள்ளே சிவந்த நரம்பு ஓடியிருந்தால் கரு உண்டு. 21-ம் நாள் குஞ்சு வரும். ஒன்றுமில்லாததை எடுத்துவிடலாம்.

நாம் சொல்லுவதையும் நம்பவேண்டாம். ஒரே விதையை இரண்டு பாத்தியில் நூறு நூறாக எண்ணி, ஒரே நாளில், ஒன்றை நல்ல நேரத்திலும் மற்றொன்றை ராகுகாலத்திலும் விதையுங்கள். ஒரே அளவு தண்ணீர் விடுங்கள். முளைத்ததை எண்ணிப் பாருங்கள். இரண்டு அடையில் ஒன்றுக்கு இரும்பு வையுங்கள், மற்றதற்கு வைக்காதீர்கள். இதற்குப் பட்டணத்துப் படிப்பு வேண்டியதில்லை. எண்ணத் தெரிந்தால் போதும். எண்ணிப் பார்க்கின்ற கொல்லையில் புரோகிதனுக்கு வேலை இருக்காது.

கடைசியாக, “பெட்டைக்கோழி கூவிப் பொழுது விடியுமா?” என்று பெண்ணின் வாயை அடைப்பதற்கென்றே நமது நாட்டில் ஒரு பழமொழி வைத்திருக்கின்றார்கள். கூவுகின்ற பெட்டையைக் குடும்பத்திற்கு ஆகாதென்று அறுத்தும் விடுகின்றார்கள். கோழிக்கு வேலை செய்வது இடப்பக்கத்துச் சினைப்பை ஒன்றே. அது வயதினாலோ நோயினாலோ கெட்டுப்போனால் உடம்பில் ஆண் தன்மையுள்ள சுரப்பு மிகுந்து, கொண்டை வளர்ந்து கூவுவதும் உண்டு. இதில் சகுனம் ஒன்றுமில்லை. இந்தப் பைத்தியம் நமக்கு மாத்திரம் சொந்தமுமல்ல. 1474-ல் ஸ்விட்சர்லாந்திலுள்ள பாசல் நகரத்தில் முட்டையிட்டதாகச் சொல்லப்பட்ட ஒரு சேவலை விசாரணை செய்து கொளுத்தினார்கள். அவர்கள் அந்தப் புத்தியை விட்டுவிட்டார்கள். நாம்?

இன்னும், சேவல் கூவியாவது பொழுது விடிகின்றதா? 2013-ல் ஜப்பானில் நகோயா பல்கலைக்கழகத்தார் சேவல்களை வெளிச்ச மாறுதலே இல்லாத அறையில் அடைத்துப் பார்த்தார்கள். அவை அங்கும் வேளை தவறாமல் கூவின. கூவுவது அதன் உடம்புக்குள் இருக்கும் கடிகாரத்தின் வேலை. பொழுது எவர் கூவினாலும் கூவாவிட்டாலும் விடியும். ஆனால் குடும்பத்திற்குப் பொழுது விடிய வேண்டுமானால் பெட்டைகள் கூவித்தான் ஆகவேண்டும் என்று நாம் சொல்லுகின்றோம்.

ஆதலால் தோழர்களே! இந்த மாசிக்குள் உங்கள் வீட்டுக் கோழிகளுக்கு ஊசி போட்டுவிடுங்கள். சந்தையில் வாங்கிய கோழியை இரண்டு வாரம் தனியாய் அடைத்துவைத்துப் பிறகு சேருங்கள். செத்ததை ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். கோழி எருவைப் பச்சையாய்ச் செடிக்குப் போட்டால் வேர் கருகும். தழையோடு சேர்த்து மக்கவைத்துப் போடுங்கள். விலக்கு நாளென்று எந்தப் பெண்ணையும் செடியை விட்டுத் தள்ளி நிறுத்தாதீர்கள். முட்டை விற்ற காசை அவளிடம் கணக்குக் கேட்காதீர்கள். இவ்வளவையும் செய்துவிட்டு, அடுத்த பங்குனியில் உங்கள் கொல்லையில் எத்தனை கோழி உயிரோடு இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். அம்மனுக்கு நேர்ந்துவிட்ட வீட்டிலும் எண்ணிப் பாருங்கள். அந்த இரண்டு எண்களையும் உங்கள் ஊர்ச் சாவடியில் வைத்துச் சொல்லுங்கள். நாம் மேடை போட்டுப் பேசுவதைவிட அது அதிக வேலை செய்யும்.